சக்கரம் தொங்கும்போது இறுக்கினேன், அம்மா

ஹாரன் அடிக்காமலே தெருவை விலக வைத்த என் அம்மாவுக்கு,

போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் வெளிச்சத்தைக் குறைத்துத் தலையணையில் சாய்த்து வைத்திருக்கிறேன். மாடிப்படியில் யாராவது ஏறினால் தகரக் கதவு முதலில் சத்தம் கொடுத்துவிடும். அதுவரை எழுதலாம். கீழே பெரியப்பா இன்னும் தூங்கவில்லை. அவர் இருமும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடுகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப்போவதைப் படித்தால் பயமே இல்லாத பெண் ஒருத்தி பேசுவதுபோல இருக்கும். நம்பிவிடாதே. பயந்துகொண்டேதான் எல்லாவற்றையும் செய்தேன். ஆனால் செய்தேன்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். நாளைக்கு ஏதாவது ஆகி, வேறு யாராவது இதை எடுத்துப் படித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும். வில்லாபுரத்தில் செல்வி என்று ஒருத்தி இருந்தாள், பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, இடப்பக்கம் இன்னொரு பிரேக் பொருத்தி, பெண்களுக்கு மட்டும் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

உன்னிடம் ஓட்டக் கற்ற ஜமீலா அக்கா போன வாரம் கடைத்தெருவில் என்னைப் பார்த்துவிட்டு அழுதுவிட்டாள். பாலத்து ஏற்றத்தில் அவளுக்கு வண்டி அணைந்துபோய், பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தபோது நீ என்ன சொன்னாய் என்பதை எனக்கு மறுபடியும் சொன்னாள். "அவனுக்கு அவசரம்னா அவன் எறங்கி நடந்து போகட்டும். நீ நிதானமா கிளட்ச விடு." சொல்லிவிட்டு அங்கேயே சிரித்தாள். லைசென்ஸ் வாங்கிவிட்டாளாம். உன்னிடம் காட்ட வேண்டும் என்று முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டே திரிந்தாளாம், அதற்குள் நீ போய்விட்டாய் என்றாள்.

இப்படி எத்தனை பேர் அம்மா? யாருமே பெரியப்பா காதில் விழும்படி எதுவும் சொல்லவில்லை. அவர் சொன்னதுதான் எல்லார் காதிலும் விழுந்தது.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று நடந்ததை உனக்கு இதுவரை சொல்லவில்லை. பந்தி முடிந்து, ஆண்கள் எல்லாரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வெற்றிலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். திருமங்கலத்து மாமா நம் வண்டியைக் காட்டி, "இத என்னண்ணே செய்யப் போறீக?" என்று கேட்டார்.

பெரியப்பா காலை நீட்டிக்கொண்டு சொன்னார். "இத எவன் வாங்குவான்? கண்ட பொம்பளைகளும் ஏறி மிதிச்ச வண்டி. செல்வி மாதிரியேதான் அதுவும். ஊரெல்லாம் சுத்திச் சுத்தி, கடைசில மூட்டெல்லாம் ஆட்டம் கண்டு போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். மாமா வெற்றிலையை வாயில் வைத்தபடியே சிரித்தார். அப்பாவும் சிரித்தார் அம்மா. பெரிதாக இல்லை. அண்ணன் சொன்னால் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சிரிக்கிற சிரிப்பு. ஆனால் பல் தெரிந்தது. நான் பார்த்தேன். உன் போட்டோவுக்குப் போட்ட மாலை அப்போது வாடக்கூட இல்லை.

வண்டி ஆடியது உண்மைதான். ஆனால் உன் கையில் இருந்தவரை அது ஆடியதா? நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டிக் கல்யாணத்துக்குப் போனது யார்? வேகத்தடைகளில் எல்லாம் குதிக்க விட்டு, திரும்பி வரும்போது முன்பக்கம் லேசாகக் கிறீச்சிடுகிறது என்று நேரே வாட்டர் சர்வீஸில் விட்டு, கழிவு ஆயிலையும் டீசலையும் கலந்து அடிப்பாகம் முழுக்க அடிக்கச் சொன்னது யார்? "சத்தமும் போயிரும், துருவும் பிடிக்காது" என்று அன்றைக்குப் பெரியப்பா பெருமையாகச் சொன்னார். நான் உனக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ இருந்த நிலையில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

சத்தம் போனது. சில வாரங்களுக்குத்தான். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை வண்டியின் உடம்போடு சேருகிற இடத்தில், இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளாமல் இருக்க ரப்பர் புஷ் இருக்கிறதே, அந்த ரப்பர் ஆயிலைக் குடித்து ஊதிப்போனது. ஊதினது பிறகு கொழகொழத்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு குழியிலும் டொக்கு டொக்கு என்று அடிக்க ஆரம்பித்தது.

ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்பது நம் வீட்டில் யாருக்குத் தெரியாது? கப்பலூரில் ரப்பர் சாமான் வார்க்கிற கம்பெனியில் மெஷினில் நிற்கிறவர் அப்பா. குக்கர் வளையத்தை எண்ணெய்க் கையோடு தொட்டால்கூட உன்னைத் திட்டுவார். அப்படிப்பட்டவர் அன்று வாட்டர் சர்வீஸிலிருந்து ஆயிலோடு வந்த வண்டியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் அந்தப் பேச்சைக் கேட்டார். சிரித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். தன் மகள் தேவி அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கார் தருகிறேன் என்று பெரியப்பா வாயை விட்டது உனக்கு நினைவிருக்கும். குழந்தையே பிறந்துவிட்டது, கார் மட்டும் வரவில்லை. இப்போது உன் வண்டி சும்மாதானே நிற்கிறது என்று முடிவு செய்துவிட்டார். மேலே இருந்த டிரைவிங் ஸ்கூல் போர்டைக் கழற்றினார்கள். இடப்பக்கத்துப் பிரேக்கைக் கழற்றினார்கள். அப்பா தலையாட்டினார்.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வந்து தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"மாமா, நீங்க குடுக்கிறது வண்டியா, சலங்கை கட்டுன மாடா?"

"சின்னக் கோளாறுதான் மாப்ள. சரி பண்ணிருவோம்."

மாப்பிள்ளை போனதும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏ பிள்ள, நீயும் உங்கம்மாவும்தான எப்பப் பாத்தாலும் வண்டிக்கடியில கெடப்பீக. நீயே அந்த புஷ்ஷ மாத்திரு. வெளிய விட்டா கூலி கூலின்னு புடுங்குவாய்ங்க."

"பரீட்சை இருக்கு பெரியப்பா."

"பரீட்சை எங்கிட்டு ஓடிப்போகுது? ஞாயித்துக்கிழமை முடிச்சிரு. மாப்ள வாராரு."

உன் வண்டியை மாப்பிள்ளைக்குக் கொடுக்க, நானே அதைச் சரி செய்ய வேண்டும். உன் ஸ்பேனரை வைத்து. அன்று ராத்திரி சாப்பிடவே முடியவில்லை.

நீ முதன்முதலில் வீட்டிலேயே புஷ் மாற்றினது நினைவிருக்கிறதா? நான் எட்டாம் வகுப்பு. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நாள் முழுக்கச் செய்தோம். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கினாய். ஸ்பேனர்மேல் ஏறி நின்று வேறு இறுக்கினாய். வண்டியைக் கீழே இறக்கினால் முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. "பாத்தியாடி, நம்ம வண்டிக்கு வயசு கொறஞ்சு போச்சு" என்று இடுப்பில் கை வைத்துச் சொன்னாய்.

அப்புறம் ஒவ்வொரு குழியிலும் அது முனகிய முனகல்! கொஞ்ச நாளில் புது ரப்பர் கிழிந்தே போனது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாய். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாய். "தூங்குற ஆளக் கழுத்தத் திருப்பிவச்சுக் கட்டிப்போட்ட மாதிரில பண்ணியிருக்கேன்!" சக்கரம் தொங்குகிற நிலையில் ரப்பரைப் பிடித்து இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போது அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். குழியில் இறங்கும்போது இன்னும் முறுக்கும். அதனால் தொங்கும்போது சும்மா மாட்டி வைத்துவிட்டு, வண்டியின் முழுப் பாரமும் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. அடுத்த தடவை சக்கரத்துக்கடியில் பலகை அடுக்கி வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு, கீழே நுழைந்து இறுக்கினாய். வண்டி பூனை மாதிரி நடந்தது.

நீ தெரியாமல் செய்ததை நான் தெரிந்தே செய்தேன் அம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் ஜாக்கி போட்டேன். எதிர்வீட்டுப் பாக்கியம் அக்கா தண்ணீர்க் குடத்தோடு நின்று குனிந்து பார்த்தாள்.

"என்னடி வைஷு, கீழ கோழி முட்டை விட்டிருக்கா?"

"ஆமாக்கா. எடுத்தா பாதி உங்களுக்கு."

"ஆத்தாள மாதிரியே வாய்" என்றாள். சொன்ன பிறகு அவள் முகம் வாடிவிட்டது. குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

உன் முறைப்படியே எல்லாம் செய்தேன். இரும்புக் கையைக் கழற்றி வெளியே எடுத்து, நீள போல்ட்டையும் குழாய்த் துண்டையும் வாசரையும் வைத்து, திருகத் திருகப் பழைய புஷ்ஷை இழுத்தேன். கஷ்டப்படவே இல்லை. தானாக வழுக்கிக்கொண்டு வந்தது. ஆயில் நாற்றம் குப்பென்று அடித்தது. ரப்பரில் விரலை வைத்தால் அல்வா மாதிரி உள்ளே போனது.

அப்பா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது எப்படிப்பா இப்படி ஆச்சு?"

அழுத்திப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். கீழ்வீட்டு ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு புஷ்ஷைத் திண்டில் வைத்துவிட்டுக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"பழசும்மா" என்றார். "பழசாயிருச்சு. அம்புட்டுதான்."

அந்த நிமிஷம்தான் நான் முடிவு செய்தேன். அதற்கு முந்தி வரைக்கும், சத்தியமாக, ஒழுங்காகச் செய்து கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வண்டி சத்தமில்லாமல் போனால் உன் பெயராவது மிஞ்சும் என்று நினைத்தேன். மிஞ்சாது என்று அப்பாவின் கைலியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வண்டி நன்றாக ஓடினால் பெரியப்பா கொடுத்த வண்டி. கெட்டுப்போனால் செல்வி கெடுத்த வண்டி.

புதுப் புஷ்களைச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே இழுத்தேன். ஆயில் ஒரு சொட்டுகூடப் படாமல் பார்த்துக்கொண்டேன். இரும்புக் கைகளை மாட்டினேன். போல்ட்டுகளைப் போட்டேன். அப்போது இன்னொரு நினைப்பும் வந்தது. நட்டைக் கையால் மட்டும் திருகி விட்டுவிட்டால் என்ன? உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த நினைப்பு இனித்தது. ரிங் ரோட்டில் வேகமாகப் போகும்போது பெரியப்பாவின் முகம் எப்படி மாறும் என்றுகூடப் பார்த்துவிட்டேன். அப்புறம் பின்சீட்டில் தேவி அக்கா தெரிந்தாள். மடியில் குழந்தை.

அதனால் இறுக்கினேன். உன்னை மாதிரியே ஸ்பேனர்மேல் ஏறி நின்று இறுக்கினேன். சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே. பலகை சுவரோரம்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. யாருக்கும் அடிபடாது, எந்த போல்ட்டும் கழலாது. ரப்பர் மட்டும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கும்.

பெரியப்பா வந்து குத்தவைத்து உட்கார்ந்து ஸ்பேனரைப் போட்டு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "நல்லா டைட்டா இருக்கு. எங்க வீட்டுப் பிள்ளைல" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். மாப்பிள்ளை வந்தார். மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற வண்டியைப் பார்த்து, "ஜம்முனு நிக்குதே மாமா!" என்றார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம். அழுகை வந்துவிடுமோ என்றும்.

வண்டி தெருமுனை திரும்பியது. நீ இல்லாமல், உன் போர்டு இல்லாமல், அது திரும்புவதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெரியப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். முதல் போன் ஒரு சாயங்காலம் வந்தது. நான் படியில் உட்கார்ந்து கணக்குப் போடுவதுபோல நடித்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க மாப்ள... மொனங்குதா? இல்ல மாப்ள, அம்புட்டும் புதுசு... என்ன மாப்ள இப்படிச் சொல்றீக... யாரு, ஆபீஸ்ல கேக்குறாகளா?... சரி மாப்ள, சரி மாப்ள..."

தேவி அக்கா பிறகு பெரியம்மாவிடம் சொன்னதையும் கேட்டேன். ஆபீஸில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள், "மாமனாரு காரக் குடுத்தாரா, சினை மாட்டப் பிடிச்சுக் கட்டிவிட்டாரா?" என்று கேட்கிறார்களாம். வேகத்தடை வந்தால் அவர் இப்போதெல்லாம் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறாராம். மாப்பிள்ளை இங்கே வருவதையே குறைத்துவிட்டார். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன் அம்மா. நீ போன பிறகு நான் சிரித்த சிரிப்பு அதுதான்.

ஆனால் சிரித்து முடித்ததும் ஒன்று தோன்றும். ஒவ்வொரு முனகலுக்கும் உள்ளே ரப்பர் கொஞ்சம் கிழிகிறது. அது உன் வண்டி. உன் கால் பட்டுத் தேய்ந்த மிதியடி இன்னும் அதில்தான் இருக்கிறது. அவருடைய மானத்தைக் கிழிக்கிறேன் என்று நான் உன்னுடையதைத்தான் கிழித்துக்கொண்டிருக்கிறேனா? இதற்கு நீ என்ன சொல்வாய்? சொல்லத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீதான் இல்லை.

இப்போது இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். இருமல் சத்தம் நின்றுவிட்டது. தூங்கிவிட்டாரா, இல்லை எழுந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று தெரியவில்லை.

நாளைக்குத் தேவி அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. காலையில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நம் வாசலில் கூடி, இங்கிருந்துதான் குலசாமி கோயிலுக்குக் கிளம்புகிறார்கள். மாப்பிள்ளை இன்று மத்தியானமே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சாவியைப் பெரியப்பா கையில் கொடுக்கவில்லை. வண்டியின் மூக்கில் வைத்தார்.

"மாமா, நாளைக்கு அம்புட்டுப் பேரும் வாராக. இந்தச் சத்தத்தோட கோயில் வாசல்ல போயி நான் எறங்க மாட்டேன். ஒண்ணு சரி பண்ணிக் குடுங்க. இல்ல, நீங்களே வச்சுக்கங்க."

பாக்கியம் அக்கா உட்பட நாலு வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். பெரியப்பாவின் காது சிவந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா மெல்லப் போய் முன்சக்கரத்துப் பக்கம் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் நாள் முழுக்க ரப்பரைப் பார்க்கிறவர். முறுக்கிக்கொண்டு நிற்கிற ரப்பரில் சுருக்கம் தெரியும். எழுந்தார். என்னைப் பார்த்தார். டார்ச்சை அணைத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டார்.

பொழுது சாய்ந்ததும் தகரக் கதவு சத்தம் கொடுத்தது. பெரியப்பா. நீ போனதிலிருந்து அவர் நம் மாடிக்கு ஏறியதே இல்லை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில்.

"வைஷும்மா" என்றார். அம்மா போட்டு அவர் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. "வண்டி இன்னும் மொனங்குதாம்ல. என்னன்னு பாரும்மா."

"சரி பண்ணிரலாம் பெரியப்பா."

"என்ன சாமான் வேணும்?"

"ஒண்ணும் வேணாம். ஸ்பேனர் போதும்."

"அப்ப எறங்கு, இப்பவே முடிச்சிரு."

கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்குக் காலைல செய்றேன் பெரியப்பா. எல்லாரும் வந்த பெறகு."

"அவுக எதுக்கு வரணும்?"

"அம்மா காரியத்தன்னைக்கு நீங்க சொன்னப்ப அவுகதான இருந்தாக. அம்மாவும் வண்டி மாதிரியே ஆட்டம் கண்டு போச்சுன்னு சொன்னீங்கள்ல. அதே ஆளுக முன்னாடி, வண்டியக் கெடுத்தது செல்வி இல்ல, ஆயில் அடிச்சு நான்தான் கெடுத்தேன்னு சொல்லுங்க. சொன்ன ஒடனே நான் கீழ படுத்திர்றேன்."

இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை அம்மா. பேசி முடித்ததும் தோசை கருகிய வாசனை வந்தது. அடுப்பை அணைக்கக்கூடக் கை வரவில்லை.

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். "நீ என்னமோ பண்ணி வச்சிருக்கடி."

நான் அடுப்பை அணைத்தேன்.

"போடீ. வேற மெக்கானிக்கக் கூட்டிட்டு வாரேன். நீ இல்லாட்டி ஊர்ல ஆளா இல்ல?"

"நாளைக்கு முகூர்த்த நாளு. காலைல எவனும் வரமாட்டாண்ணே."

அப்பாதான் சொன்னார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பெரியப்பா திரும்பினார். அப்பா ஒரு வாய் பிட்டு, அதைத் தின்னாமல் தட்டிலேயே வைத்தார்.

"ஆயில்ல ஊறுன ரப்பர்தாண்ணே அது. அன்னைக்கே நான் தொட்டுப் பாத்தேன். செல்வி மேல ஒரு தப்பும் இல்ல. சொல்லிருங்கண்ணே."

"ஓசியில மாடியில குடியிருந்துக்கிட்டு ஒனக்கு வாயி வேற வந்துருச்சா?" என்று பெரியப்பா கேட்டார். அப்பா தட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. பெரியப்பா படியில் இறங்கும்போது கதவை அடித்த அடியில் சுவரில் இருந்த காலண்டர் கழன்று விழுந்தது.

அப்பா கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அன்னைக்குச் சிரிச்சேன்ல" என்றார். கேட்டாரா, சொன்னாரா என்று தெரியவில்லை. நான் கருகிய தோசையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர் இன்று பேசினது பெரிதுதான், தெரியும். ஆனால் அன்று பல் தெரிந்ததும் தெரியும். அவர் இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்.

இப்போது அவர் வாசல் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கிறார். எப்போதும் ஜன்னல் பக்கம்தான் படுப்பார். தகரக் கதவைத் திறந்து யாராவது உள்ளே வர வேண்டுமென்றால் முதலில் அவரைத் தாண்ட வேண்டும்.

நாளைக்கு என்ன நடக்கும் அம்மா? பெரியப்பா சொல்வாரா? இல்லை, எல்லார் முன்னாலும் என் கன்னத்தில் அறைவாரா? காதுகுத்து முடிந்ததும் மாடியைக் காலி செய்யச் சொல்வாரா? எங்கே போவோம்? நான் பரீட்சை எழுத வேண்டும். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன்.

இதையும் யோசித்துவிட்டேன். அவர் சொல்லிவிட்டால், பலகையில் வண்டியை ஏற்றி, நாலு போல்ட்டையும் தளர்த்துவேன். இரும்புக் கை டொக்கென்று தன் இடத்துக்கு வந்து நிற்கும். மறுபடி இறுக்குவேன். வண்டி சத்தமில்லாமல் கோயிலுக்குப் போகும், அங்கிருந்து நாகமலைக்குப் போகும். அதற்குப் பிறகு அது நமக்குக் கிடையாது. அவர் சொல்லாவிட்டால், அது முனகி முனகிக் கிழிந்து போகும். அப்போதும் நமக்குக் கிடையாது. எப்படிப் பார்த்தாலும் வண்டி போய்விடும். இன்றைக்கு ராத்திரிதான் இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்த பிறகும் என் மனசு மாறவில்லை.

ஏனென்றால் எனக்கு வேண்டியது வண்டி இல்லை அம்மா. புஷ் எந்தக் கடையிலும் கிடைக்கும். அவர் உன்னைப் பற்றிச் சொன்னது அந்த வாசலில் இன்னும் கிடக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறேன். போட்டவர்தான் குனிந்து அதை எடுக்க வேண்டும்.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவர் வாயால் அதைச் சொல்கிறவரை, அழுதாலும் அடித்தாலும் அந்த போல்ட்டில் நான் ஸ்பேனர் போட மாட்டேன். தேவி அக்கா வந்து கையைப் பிடித்துக் கேட்டாலும் மாட்டேன். காலையில் கீழே இறங்கும்போது என் கால் நடுங்கும். நடுங்கிக்கொண்டே இறங்குவேன். திருமங்கலத்து மாமா வெற்றிலை போட்டபடி, "இது யாரு பிள்ள?" என்று கேட்டால், பெரியப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே சொல்வேன்.

செல்வியின் மகள்,
வைஷு